தொடைக்கறித் துண்டும் ஒரு நாற்காலியும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

அடித்திருக்கவே கூடாது.

ஏனென்றால் உள்ளே இருந்தது ஸ்டேக். தோசைக்கல்லைக் காயவைத்து, கறித்துண்டை இரண்டு பக்கமும் சுட்டு, சட்டென்று எடுத்துவிட வேண்டிய சமாச்சாரம். அதைக் கொண்டுபோய்க் குக்கரில் போட்டவர்கள் இந்த உலகத்தில் நானும் என் நாத்தனாரும் மட்டுமாகத்தான் இருப்போம். தேனி மாவட்டத்தில் நிச்சயமாக நாங்கள் மட்டும்தான்.

மாட்டுக்கறி பிடிக்காத வாசகர்கள் இந்த வாரம் என் மேல் கோபப்பட வேண்டாம். கறி என்று வருகிற இடத்தில் எல்லாம் வாழைக்காய் என்று போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். கதை ஒன்றும் கெட்டுப்போகாது. ஏனென்றால் இது கறியைப் பற்றிய கதையே இல்லை... என் வீட்டுக்காரரைப் பற்றியது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் சேவியரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியகுளத்தில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். வடுகபட்டி, ஜெயமங்கலம் பக்கமிருந்து எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்கள் டிராக்டரில் வந்து இறங்கும். கையெல்லாம் வார்னிஷ் வாடை. எதையும் சத்தமாகச் சொல்லித்தான் பழக்கம். பட்டறையில் மெதுவாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் சமையல்காரர். சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் நேராகக் கறிக்கடை. கறியைக் கொண்டுவந்து தானே கழுவி, தானே மசாலா அரைத்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளக்காரர்கள் செய்கிற மாதிரி தேங்காயைச் சில்லு சில்லாக நறுக்கிப் போட்டு, கொழுப்பு மிதக்க மிதக்க ஒரு வறுவல் செய்வார். அன்றைக்கு நான் சமையலறைக்குள் போகக் கூடாது. போனால் "கத்திய ஏன் இங்கன வெச்ச? மல்லி ஏன் வறுபடாமக் கெடக்கு?" என்று வாரம் முழுவதற்கும் சேர்த்துக் குறை சொல்வார். நானும் பதிலுக்குப் பதில் கொடுப்பேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு அதுதான் தாளிப்பு.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரைக்கு ஓடினோம். ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். கடவுள் புண்ணியத்தில் மனுஷர் நல்லபடியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் தொல்லையே.

பார்க்க வந்தார்கள்... வந்துகொண்டே இருந்தார்கள். அவரவர் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அவரவர் வாயில் ஒரு கதை. "எங்க சின்ன மாமாவும் இதே மாதிரி ஸ்டென்ட் வெச்சுட்டு நல்லாத்தான் இருந்தாக, திடீர்னு..." என்று ஆரம்பிப்பார்கள். பாதியில் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அத விடுங்க, ஆப்பிள் சாப்பிடுங்க" என்று முடிப்பார்கள்.

எல்லாரும் தவறாமல் சொன்ன ஒரே வார்த்தை, "உக்காருங்க."

வந்தவர்களுக்கு ஃபேன் போட எழுந்தால், "ஐயோ, நீங்க உக்காருங்க." தண்ணீர் எடுக்க எழுந்தால், "நாங்க எடுத்துக்கிறோம், நீங்க உக்காருங்க." கோயிலில் எல்லாரும் எழுந்து நிற்கிற நேரத்தில் இவரும் எழுந்தால், பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்து அழுத்தி, "கடவுள் ஒண்ணும் நினைக்க மாட்டாக, உக்காருங்க!"

நோயாளி என்றால் யார் என்று என்னைக் கேட்டால் இப்போது சொல்வேன். மாத்திரை சாப்பிடுகிறவர் இல்லை. மாத்திரை யார்தான் சாப்பிடவில்லை? எழுந்தவுடன் எல்லாராலும் உட்கார வைக்கப்படுகிறவர்தான் நோயாளி.

அவரும் உட்கார்ந்தார். ஹாலில் டிவிக்கு எதிரே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை. மதியம் உட்கார்ந்தால் இருட்டும் வரை. பட்டறையை அவருடைய கூட்டாளி பார்த்துக்கொண்டார். எண்ணெய் இல்லாத குழம்பை வைத்தேன், சாப்பிட்டார். உப்பில்லாத பொரியலை வைத்தேன், அதையும் சாப்பிட்டார். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு."

நல்லா இருக்காம்!

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலை ஒருமுறைகூட முழுசாக 'நல்லா இருக்கு' என்று சொல்லாத மனுஷர் அவர். குறை சொல்லாத புருஷன் வேண்டும் என்று எத்தனை பேர் வேண்டிக்கொள்கிறார்கள்... எனக்குக் கிடைத்தபோது பயமாக இருந்தது. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது வந்த பயத்தைவிடக் கூடுதலான பயம். அங்கேயாவது ஒரு டாக்டர் இருந்தார். இங்கே நான் யாரிடம் போய், "என் வீட்டுக்காரர் சண்டை போட மாட்டேன் என்கிறார்" என்று சொல்வேன்?

சொன்னேன். அதே டாக்டரிடம்தான். போன மாதச் செக்கப்பில், இவர் காதுபடவே.

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்கே. வேலைக்குப் போறீங்களா?"

"இல்லங்க. உக்காந்திருக்கேன்" என்றார் இவர்.

"யார் உக்காரச் சொன்னது?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்தேன்.

நடக்கலாம், வேலை செய்யலாம், கனமானதைத் தூக்குவதை மட்டும் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். இதுதான் சமயம் என்று நான் கறியைப் பற்றிக் கேட்டேன். அந்தக் கொழுப்பு வறுவலை மறந்துவிட வேண்டுமாம். ஆனால் கொழுப்பே இல்லாத கறியாக, எண்ணெய் அதிகமில்லாமல், உள்ளங்கை அளவு, எப்போதாவது ஒருநாள் இவர் சாப்பிடலாமாம். "ஸ்டேக் மாதிரி சுட்டுக் குடுங்களேன்" என்றார், ஏதோ இட்லி அவித்துக் கொடுங்கள் என்கிற மாதிரி.

வெளியே வந்ததும் இவர் கேட்ட ஒரே கேள்வி: "உள்ளங்கைன்னா அவுக உள்ளங்கையா, என் உள்ளங்கையா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் கேட்ட உருப்படியான கேள்வி. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், ஸ்டேக் செய்தே தீருவது.

ஒரு வாரம் வீடியோ பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. கறியைக் கழுவக் கூடாதாம்... ஈரத்தைத் துடைக்க வேண்டுமாம். கல் நன்றாகக் காய வேண்டுமாம். சுட்டதும் உடனே வெட்டாமல் கறியை ஓய்வெடுக்க விட வேண்டுமாம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார், இது வேறா என்று நினைத்துக்கொண்டேன். போனை முழுச் சத்தத்தில் வைத்துச் சாப்பாட்டு மேஜையில் பார்ப்பேன். நீல நாற்காலி டிவி பக்கம் திரும்பியே இருக்கும்.

ஞாயிறு காலை நானே கறிக்கடைக்குப் போனேன். ரஹீம் பாய் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் பார்த்தார். "அண்ணே வரலையா அக்கா?"

"உக்காந்திருக்காரு" என்றேன். எனக்கும் அதே வார்த்தைதான் வருகிறது பாருங்கள்.

ஸ்டேக்குக்கென்றே இருக்கிற மெத்தென்ற முதுகுக்கறி, அந்த அண்டர்கட் இருக்கிறதா என்று வீடியோ பார்த்த தைரியத்தில் கேட்டேன். பாய் சிரித்தார். "அதெல்லாம் விடியுமுன்னே குமுளி ஓட்டலுக்குப் போயிருச்சு அக்கா. கொழுப்பு இல்லாம வேணும்னா தொடை தாரேன். சுத்தக் கறி."

தொடையில் ஒரு நல்ல துண்டை எடுத்துக் கட்டையில் போட்டார். கத்தியை ஓங்கினார்.

"பாய்! வெட்டாதீங்க!"

கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கறிக்கடைக்கு வந்து வெட்டாதீர்கள் என்று சொன்ன முதல் ஆள் நான். பாய் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆனால் அவர் கை தன்பாட்டுக்கு டக் டக் டக் என்று இறங்கி, அந்தத் துண்டைச் சின்னச் சின்னதாக்கிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க அக்கா... கட்டையில கறி கெடந்தா கை நிக்க மாட்டேங்குது." வெட்டியதை அடுத்து நின்றவருக்குத் தள்ளிவிட்டு, வேறு துண்டை எடுத்தார். இந்தமுறை கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பலகை மாதிரி இரண்டு துண்டு அறுத்து, தேக்கிலையில் மடித்துக் கொடுத்தார். "முழுசா வெச்சு என்ன அக்கா பண்ணப் போறீக?"

"சுடப் போறேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார் கவலையாக.

வீட்டுக்கு வந்தேன். ஒரு துண்டை ஃப்ரிட்ஜில் வைத்தேன். இன்னொன்றை எடுத்து... என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மஞ்சள்பொடி போட்டுக் கழுவினேன். ஒரு தண்ணீர் இல்லை, மூன்று தண்ணீர். ஒரு வாரம் பார்த்த வீடியோ எல்லாம் எங்கே போனது? பாயின் கையைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் கறியைக் கழுவாமல் அடுப்பில் ஏற்றுகிற பெண் இன்னும் பிறக்கவில்லை.

ஈரம் சொட்டச் சொட்டக் கல்லில் போட்டேன். சுர்ர் என்று ஒரு சத்தம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வரவில்லை. தண்ணீர் விட்டுக்கொண்டு கறி குளிக்க ஆரம்பித்தது. சிவக்கவும் இல்லை, மணக்கவும் இல்லை. ஒரு நோஞ்சான் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ரோஸ் மதினி.

ரோஸ் மதினி இவருக்கு நேர்மூத்த அக்கா. கம்பத்தில் இருக்கிறார். மாதம் ஒருமுறை ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சையோடு தம்பியைப் பார்க்க வருவார். 'உக்காரு' சொல்வதில் போட்டி வைத்தால் மாவட்டத்திலேயே முதல் பரிசு அவருக்குத்தான். அக்காவைப் பார்த்ததும் இவர் எழுந்தார்.

"உக்காருடா தம்பி, உக்காரு!" என்று சொல்லிக்கொண்டே மதினி நேராகச் சமையலறைக்கு வந்தார். "என்னத்தா மேரி, கல்லுல கறி கெடக்கு? யாருக்கு?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பெருமையாக ஒரு கத்தியை எடுத்துக் கறியை நடுவில் வெட்டிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு.

"ஆத்தாடி!" மதினி நெஞ்சில் கை வைத்தார். "செவசெவன்னு பச்சையா இருக்கே! இதையா நெஞ்சுவலிக்காரனுக்குக் குடுக்கப் போற?"

ஹாலில் டிவி சத்தம் நின்றது.

நெஞ்சுவலிக்காரன்! பட்டறைக்காரர், பாட்டுக்காரர், கோபக்காரர் என்று ஊரில் அவருக்கு எத்தனையோ பேர் உண்டு. இப்போது சொந்த அக்கா வாயிலிருந்தே இது. அவருக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. மதினிக்கும்தான். அந்தச் சங்கடத்தை மூடிமறைக்க இரண்டு பேரும் அவசரமாக ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. மதினி குக்கரை எடுத்தார். நான் கறியைப் போட்டேன்.

விசில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு விசில். "போதும் போதும், தம்பிக்கு மாத்திர நேரமாச்சு" என்று மதினி இறக்கிவிட்டார்.

கொழுப்பில்லாத தொடைக்கறிக்கு இரண்டே வழிதான் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒன்று, சட்டென்று சுட்டு எடுத்துவிட வேண்டும். இல்லை, பொறுமையாக ரொம்ப நேரம் வேகவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இறக்கினால்... செருப்பு வார். நாங்கள் மிகச் சரியாக நடுவில் இறக்கினோம்.

நீள நீளமாக அரிந்து தட்டில் வைத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். மதினி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்... மென்றார்... பிறகு யாருக்கும் தெரியாமல் முந்தானையில் துப்பினார். இவர் மட்டும் நிதானமாக மென்றுகொண்டே இருந்தார். தாடை வலித்திருக்கும். கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"என்ன நல்லா இருக்கு? செருப்பு மாதிரி இருக்கு! நாய்கூட மோந்து பாக்காது! நல்லா இல்லன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. உப்பு இல்லன்னு தட்டத் தள்ளுங்க. மூணு மாசமா நான் யாருக்கு ஆக்கிப் போடுறேன்னே தெரியல!"

"மேரி, சும்மா இருத்தா... அவனுக்கு ஆகாது" என்றார் மதினி.

"நீங்க சும்மா இருங்க மதினி." அந்த அம்மாளை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. நிறுத்த முடியவில்லை. இவர் பக்கம் திரும்பினேன். "காயில் கட்டுன மோட்டார எடுக்க வர்றவகட்ட என்ன சொல்வீக? கொண்டுபோயி மூலையில போட்டு வையிங்க, தொடாதீங்கன்னா சொல்வீக?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அளவுக்கு மீறிப் பேசிவிட்டேனோ? மறுபடி நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ? என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஓட்டச் சொல்லுவேன்" என்றார் மெதுவாக. "சும்மா கெடந்தா ஈரம் ஏறிரும்."

பிறகு தட்டில் இருந்த கறித்துண்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எரிந்துபோன காயிலைப் பார்க்கிற அதே பார்வை.

"கழுவுனியா?"

"ம்."

"தொடச்சியா?"

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அந்த வீடியோக்காரன் தொண்ட கிழியக் கத்துனானே... தொடைக்கணும், தொடைக்கணும்னு! அத விட்டுட்டு மத்ததெல்லாம் செஞ்சிருக்க. நார் போற பக்கமே நீள நீளமா வெட்டியிருக்க. குறுக்க வெட்டணும்னு அதையும் சொன்னான்ல?" குரல் ஏறிக்கொண்டே போனது. பட்டறைக் குரல்!

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க டிவி இல்ல பாத்துக்கிட்டிருந்தீக?"

"உக்காந்திருக்கிறவனுக்குக் காது நல்லாக் கேக்கும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"யாராச்சும் கேட்டாத்தானே சொல்ல?"

மூன்று மாதமாக அவரிடம் "எப்படி இருக்கு" என்று கேட்டிருக்கிறோம், "மாத்திரை போட்டாச்சா" என்று கேட்டிருக்கிறோம். எதையாவது எப்படிச் செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர் எழுந்தார். பழக்கதோஷத்தில் மதினி, "தம்பி, உக்கா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

ஃப்ரிட்ஜில் இருந்த இன்னொரு துண்டை எடுத்தார். மஞ்சள்பொடி டப்பாவுக்கு நீண்ட என் கையைத் தட்டிவிட்டார். கறியைச் சுத்தமான துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். மிளகைப் பொடித்துத் தூவி, பூண்டைத் தட்டி, ஒரு ஸ்பூன் எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் கறியிலேயே தடவினார். தோசைக்கல் கனமானதாயிற்றே என்று நான் பாய்ந்து போய்ப் பிடித்தேன்.

"நீ போய் உக்காரு" என்றார்.

"இல்லங்க, நான் பக்கத்துல..."

"உக்காருன்னேன்ல?"

போனேன். ஹாலில் காலியாக இருந்தது அந்த நீல நாற்காலிதான். உட்கார்ந்தேன்.

அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் டிவி தெரிகிறது, டிவிக்கு மேலே ஒரு பல்லி தெரிகிறது, வாசலில் போகிற வருகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிகிறது. சமையலறையிலிருந்து சத்தம் வருகிறது, யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் போலக் கால் பரபரக்கிறது. போனால் திட்டு விழும். கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்... என்னால் முடியவில்லை. மூன்று மாதம் இதில்தான் இருந்தாரா?

உள்ளே சுர்ர் என்று ஒரு சத்தம். மிளகும் பூண்டும் சேர்ந்து ஒரு மணம்.

"கத்திய எவ்வளவு மொட்டையாக்கி வெச்சிருக்க! வெண்ணெயக்கூட வெட்டாது!" என்று ஒரு கத்தல்.

மதினி பதறிப்போய் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

சுட்டதை மூடிவைத்து ஓய்வெடுக்க விட்டு, அதற்குப் பிறகு நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து கொண்டுவந்தார். வீடியோவில் காட்டிய மாதிரி உள்ளே சிவப்பாக இல்லை. "செவப்பா இருந்தா எனக்கும்தான் எறங்காது" என்று கொஞ்சம் கூடவே விட்டிருந்தார். ஓரம் லேசாகக் கருகியும் இருந்தது. ஆனால் கடித்தால் பல்லுக்கு வேலை இல்லை. மதினி "எனக்கு வேணாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே நாலைந்து துண்டு எடுத்தார். இவர் தன் உள்ளங்கையை விரித்துத் தட்டின் மேல் வைத்து அளந்து எடுத்துக்கொண்டார். காயில் கட்டிக் கட்டிப் பெருத்த கை. டாக்டர் அம்மா பார்த்திருந்தால் தன் கையை வைத்து மறுபடி அளந்திருப்பார்.

"எப்படி இருக்கு?" என்று இப்போது அவர் கேட்டார்.

"உப்பு கம்மி" என்றேன்.

"டப்பாவ நீ ஒளிச்சு வெச்சா அப்படித்தான் இருக்கும்!" என்றார். சண்டை சாயங்காலம் வரை நீண்டது. மதினியைப் பஸ் ஏற்றிவிட அவரே ஸ்கூட்டரை எடுத்தார். திங்கட்கிழமை காலையில் பட்டறைக்குப் போனார்.

ஆகவே வாசகர்களே... கொழுப்பில்லாத தொடைக்கறிக்குக் குறிப்பு இதுதான். துடையுங்கள், காய்ந்த கல்லில் சுடுங்கள், ஓய்வெடுக்க விடுங்கள், குறுக்கே அரியுங்கள். ஓய்வு கொஞ்ச நேரம்தான். ரொம்ப நேரம் விட்டால் ஆறிப்போய்விடும்.

உங்கள் வீட்டிலும் யாரையாவது அன்பாக உட்கார வைத்திருக்கிறீர்களா? அந்த நாற்காலியில் ஒரு தடவை நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.